ஆர்க்கிட் அழுகலுக்கு ஃபேஜ் வாங்கலாமா?

பினாங்கு, பாலிக் புலாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்டு ஆர்க்கிட் வளர்க்கிறார். எழுநூறு தொட்டி ஃபெலனோப்சிஸ், இருநூறு தொட்டி டென்ட்ரோபியம். சீனப் புத்தாண்டுக்கு விற்கும் ஃபெலனோப்சிஸ்தான் ஆண்டு முழுவதற்குமான வருமானம். மழை பிடித்ததிலிருந்து இலையின் நடுவில் தண்ணீர் கோத்ததுபோல ஒரு புள்ளி விழுகிறது. இரண்டே நாளில் இலை கூழாகி நாற்றமடிக்கிறது. ஆறு வாரத்தில் நூற்றுப் பத்துத் தொட்டிகள் போய்விட்டன. பூஞ்சைக்கான மருந்து இரண்டு வகை அடித்தார், பிறகு தாமிர மருந்து அடித்தார். உதவிக்கு வரும் பையன், எங்கோ மீந்திருந்த டெட்ராசைக்ளின் மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தெளித்திருக்கிறான். எதற்கும் நிற்கவில்லை.

இப்போது இணையத்தில் ஒருவர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் கலந்த ‘ஃபேஜ் கரைசல்’ அரை லிட்டர் 280 ரிங்கிட்டுக்கு விற்கிறார். ஒரே தெளிப்பில் அழுகல் குணமாகும் என்கிறார். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மகன், “காசு கொடுக்காதீங்கம்மா, நம்ம லோங்காங் (சாக்கடை) தண்ணியிலேயே ஃபேஜ் இருக்கும், நானே வளர்த்துத் தர்றேன்” என்கிறான். கணவர் இரண்டுக்குமே சம்மதிக்கவில்லை. ஃபேஜ் என்றால் வைரஸ்தானே, பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வைரஸைத் தெளிப்பதா என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இதுதான் கேள்வி.

சகோதரி, கடிதத்தைப் படித்ததும் அந்த நூற்றுப் பத்து என்ற எண் மனதை அழுத்தியது. குப்பிக் கன்றிலிருந்து பூ பார்க்க ஃபெலனோப்சிஸுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை நாள் பார்த்துப் பார்த்து வளர்த்தது இரண்டு நாளில் கூழாவதைக் காண்பது எளிதல்ல. அந்தத் தவிப்பில் கையில் கிடைத்ததையெல்லாம் தெளித்திருக்கிறீர்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் இனிமேல் ஒரு வாரம், எதையும் தெளிக்காமல் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இலைக்குள் என்ன நடக்கிறது

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பாக்டீரியாவால் வரும் மென்னழுகலுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. பெக்டோபாக்டீரியம், டிக்கியா என்ற இரண்டு இனங்கள்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். பழைய புத்தகங்களில் இரண்டையும் சேர்த்து எர்வினியா என்று எழுதியிருப்பார்கள். பூஞ்சை மருந்து கேட்காததற்குக் காரணம் இதுதான்: அந்த மருந்துகளுக்கும் பாக்டீரியாவுக்கும் சம்பந்தமே இல்லை.

செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின் என்ற பொருள். ஜாம் கெட்டிப்படுவதும் அதே பெக்டினால்தான். செங்கல்லுக்கு நடுவில் சிமெண்டு போல அது இருக்கிறது. இந்த பாக்டீரியா அந்த சிமெண்டைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. ஆனால் தனியாக இருக்கும்போது சுரப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பொருள் ஓர் அளவைத் தாண்டினால் போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் நொதியைக் கொட்டும். முந்தாநாள் நல்லாயிருந்த இலை இன்று கூழானது இப்படித்தான். கண்ணுக்குப் புள்ளி தெரியும்போது உள்ளே கூட்டம் கூடி முடிந்துவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேஜ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஃபேஜ் என்பது

பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ் அது. பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அதற்குள்ளேயே பல பிரதிகளாகப் பெருகி, கடைசியில் அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும். 1915-இல் இங்கிலாந்தில் ட்வார்ட், 1917-இல் பாரிஸில் டெரெல், இருவரும் தனித்தனியே இதைக் கண்டார்கள். செடிக்குப் பயன்படுத்திப் பார்க்க அதிக நாள் ஆகவில்லை. 1924-இல் அமெரிக்காவில் மால்மன், ஹெம்ஸ்ட்ரீட் என்ற இருவர், அழுகிய முட்டைக்கோஸின் சாற்றை வடிகட்டி எடுத்தபோது, அந்த அழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவின் வளர்ச்சியையே அது தடுப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கோட்டிலாவும் கூன்ஸும் மண்ணிலிருந்து எடுத்த ஃபேஜைக் கொண்டு உருளைக்கிழங்கின் கருங்கால் நோய்க் கிருமியை அடக்கிக் காட்டினார்கள். அந்தக் கிருமி உங்கள் கொட்டகையில் இருப்பதாக நான் நினைக்கும் பாக்டீரியாவுக்கு நெருங்கிய சொந்தம்.

அப்படியானால் நூறு ஆண்டுகளாக ஏன் எல்லோரும் இதைப் பயன்படுத்தவில்லை? தாமிரமும் ஆண்டிபயாடிக்கும் மலிவாக வந்துவிட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெயில். சோதனைக் குழாயில் அற்புதமாக வேலை செய்யும் ஃபேஜ், இலையின் மேல் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் செயலிழந்துவிடும். புற ஊதாக் கதிரை அதனால் தாங்க முடியாது. ஃபுளோரிடாவில் தக்காளிக்கு முயன்றவர்கள் ஆடை நீக்கிய பால்பொடி, மாவு, சர்க்கரை எல்லாம் சேர்த்துத் தெளித்து அதன் ஆயுளை நீட்டப் பார்த்தார்கள், மாலையில் தெளித்தார்கள். பலன் கூடியது.

2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தக்காளி, மிளகாய் இலைப்புள்ளிக்கான அக்ரிஃபேஜ் என்ற தயாரிப்பைப் பதிவு செய்தது. மென்னழுகலுக்கென்று ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று செய்த ஃபேஜ் கலவையோ, உருளைக்கிழங்கைக் கழுவிப் பொட்டலம் கட்டும் இடத்தில் பயன்படுத்துவதற்கானது. அங்கே வெயில் இல்லை, பாக்டீரியா இன்னும் தோலின் மேலேயே இருக்கிறது, ஈரத்தில் ஃபேஜ் அதைத் தேடிப் பிடிக்க முடிகிறது. உங்கள் கொட்டகையில் ஃபேஜ் பலன் தருமா என்பதற்கும் இதே மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஆக, கூழான இலையை எந்த ஃபேஜும் மீட்காது. இலைக்குள் போய்விட்ட பாக்டீரியாவை, வெளியே தெளித்த ஃபேஜ் எட்டுவதே கடினம். நல்ல செடியின் இலை மேலும் வேர்ப் பக்கமும் இருக்கிற கிருமியைக் குறைத்து வைப்பதுதான் அதனால் ஆகிற வேலை. “ஒரே தெளிப்பில் குணம்” என்று விற்பவர் சொல்வது தவறு.

கணவரின் பயத்துக்கு

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் ஃபேஜுக்கு மனிதச் செல்லும் செடியின் செல்லும் ஒரு பொருட்டே இல்லை. அது ஒட்டுவதற்கான பூட்டு பாக்டீரியாவின் மேல்தான் இருக்கிறது, அதுவும் ஒரு சில வகை பாக்டீரியாவின் மேல் மட்டும். மண்ணிலும் கடல் நீரிலும் நம் குடலிலும் சந்தையில் வாங்கும் கீரையிலும் ஃபேஜ் ஏற்கெனவே ஏராளம். 2006-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லிஸ்டீரியா என்ற கிருமிக்கு எதிரான ஃபேஜ் கலவையை, அப்படியே எடுத்துச் சாப்பிடும் இறைச்சி வகைகளின் மேல் தெளிக்கவே அனுமதித்தது. எனவே முறையாகச் சுத்தப்படுத்திய ஃபேஜால் பேரப்பிள்ளைகளுக்கு ஆபத்து வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் “முறையாகச் சுத்தப்படுத்திய” என்ற சொல் முக்கியம். ஒரு பாட்டிலுக்குள் ஃபேஜோடு வேறு என்னென்ன இருக்கிறது என்று தெரியாதபோது, கணவர் தயங்குவது நியாயமே. பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட வேண்டுமானால், அந்த டெட்ராசைக்ளினைப் பற்றிக் கவலைப்படுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து அது. இலை மேலும் மண்ணிலும் விழுந்து, அதற்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்த்துவிடும். பையனைக் கடிந்துகொள்ள வேண்டாம், நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறான். இனி வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த 280 ரிங்கிட் பாட்டில்

இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள்.

நம் மலேசியாவில் 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் பூச்சிக்கு மட்டுமானதல்ல. செடியைக் கெடுக்கும் பாக்டீரியாவையும் அது ‘மக்லுக் பெரோசாக்’, அதாவது கேடு செய்யும் உயிரி, என்றே கணக்கில் எடுக்கிறது. அதைக் கட்டுப்படுத்தவென்று விற்கும் பொருள், லெம்பாகா ராச்சுன் மக்லுக் பெரோசாக் (எல்.ஆர்.எம்.பி.) எனப்படும் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பாட்டிலில் மலாய் மொழி லேபிளும் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். இயற்கையானது, ரசாயனம் இல்லாதது என்று சொல்லிவிட்டால் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்தது என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டமும், மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறையின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

விற்பவரிடம் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிவு எண் என்ன? எந்த பாக்டீரியாவுக்கு எதிரான ஃபேஜ்? ஒரு மில்லிலிட்டரில் எத்தனை ஃபேஜ்? எந்தத் தேதியில் எண்ணியது, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும்? ஆராய்ச்சிகளில் வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து கோடி என்ற கணக்கில் தெளிப்பார்கள். இந்த எண்ணையே சொல்லத் தெரியாதவரிடம் இருப்பது வெறும் கலங்கல் தண்ணீராகவும் இருக்கலாம். அவர் நேர்மையானவராகவே இருந்து, உண்மையான தக்காளி ஃபேஜையே விற்றாலும் உங்கள் ஆர்க்கிட்டுக்கு அது உதவாது. பதில் திருப்தியாக இல்லையென்றால், விளம்பரத்தையும் அவர் எழுதியதையும் படம் எடுத்து விவசாய இலாகாவுக்குப் புகாராக அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்களுக்குப் பின்னால் வாங்க இருப்பவர்களையும் அது காப்பாற்றும்.

மகனின் யோசனை

எனக்கு உண்மையில் சந்தோஷம் தந்தது இதுதான். மகன் சொல்வது அறிவியல்படி சரி. நோய் இருக்கும் இடத்தில்தான் அந்த நோய்க் கிருமியைத் தின்னும் ஃபேஜும் கிடைக்கும். மேலே சொன்ன முட்டைக்கோஸ் கதையும் அதுதானே! அழுகிய செடிக்கு அடியிலுள்ள தண்ணீரை வடிகட்டி, தட்டில் பாலாடை போலப் படர்ந்திருக்கும் பாக்டீரியாவின் மேல் ஒரு சொட்டு விட்டால், மறுநாள் அந்தப் படலத்தில் குண்டூசிமுனை அளவில் தெளிவான துளைகள் விழும். ஒவ்வொரு துளையும் ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கியது. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் வீட்டில் வேண்டாம். ஃபேஜை வளர்க்க வேண்டுமானால் முதலில் அதன் தீனியை, அதாவது அழுகல் பாக்டீரியாவையே, லிட்டர் கணக்கில் வளர்க்க வேண்டும். வடிகட்டும்போது ஒரு சிறு தவறு நடந்தாலும் மருந்து என்று நினைத்து நோயையே தெளித்துவிடுவீர்கள். அதற்கு 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வேண்டும், துணியோ காப்பி ஃபில்டரோ போதாது. இன்னொன்று: எல்லா ஃபேஜும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. சில வகைகள் அதன் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும், சில சமயம் வேண்டாத மரபணுக்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தியும்விடும். கொல்லும் வகை எது, ஒளியும் வகை எது என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு ஃபேஜை மட்டும் தெளித்தால் பாக்டீரியா சீக்கிரமே அதற்குத் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். அதனால் வெவ்வேறு வழியில் தாக்கும் சிலவற்றைக் கலந்துதான் கொடுப்பார்கள்.

மகன் இதைத் தன் படிப்புக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில், பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்யட்டும். யூ.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உங்கள் தீவிலேயே இருக்கிறது. உங்கள் கொட்டகையின் அழுகல் மாதிரியும் தண்ணீரும் அவனுக்கு நல்ல மூலப்பொருள். இந்தப் புத்தாண்டுக்குள் அதனால் பயன் கிடைக்காது. அடுத்த மழைக்குள் கிடைக்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. மாலை ஏழு மணிக்குச் செடியின் மேலிருந்து தூவி தண்ணீர் விடுகிறீர்கள். ஒரே கத்தியால் எல்லாத் தொட்டியிலும் அழுகல் இலையை வெட்டுகிறீர்கள்.

நம் ஊர் ராத்திரிச் சூடும் இலையிடுக்கில் விடிய விடிய நிற்கும் தண்ணீரும் இந்த பாக்டீரியாவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதுபோல. காலையில், வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். குருத்தில் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தொட்டிகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தேங்கவே தேங்காது. ஒரு பெரிய மின்விசிறி, தொட்டிகளுக்கிடையே கை நுழையும் இடைவெளி, இரண்டும் எந்த மருந்தையும் விடப் பெரிய உதவி.

கத்திகள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 70 சதவீத ஆல்கஹாலில் ஊறட்டும், ஒன்று கையில் இருக்கட்டும், தொட்டிக்குத் தொட்டி மாற்றுங்கள். வெட்டும்போது அழுகல் விளிம்பை விட்டு இரண்டு சென்டிமீட்டர் நல்ல சதைக்குள் வெட்ட வேண்டும். குருத்து அழுகிவிட்ட செடியை, மனம் கேட்காவிட்டாலும், தொட்டியோடு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். உரக்குழியிலோ லோங்காங்கிலோ போட வேண்டாம். நத்தை இருந்தால் பொறுக்கிவிடுங்கள், அது கடித்த காயம் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு.

தழைச்சத்து உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதைப் போட்டால் இலை பளபளவென்று பெரிதாகும், ஆனால் சதை மெத்தென்று இருக்கும். கால்சியம் கொடுங்கள், பெக்டினை இறுக்கிப் பிடிப்பது அதுதான். தாமிர மருந்தை டென்ட்ரோபியத்துக்கு இனி அடிக்கவே வேண்டாம், அதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஒருநாள் நல்ல ஃபேஜ் கையில் கிடைத்தால்

பதிவான தயாரிப்போ, பல்கலைக்கழகத்தின் முறையான சோதனையோ கிடைத்தால் தயங்காமல் முயலுங்கள். ஆனால் உங்கள் கொட்டகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து மாலையில் தெளி என்கிறது ஃபேஜ். ராத்திரி இலையை நனைக்காதே என்கிறது நோய். வயல் தக்காளிக்குச் சொன்னதை அப்படியே ஆர்க்கிட்டுக்குச் செய்தால் கெட்டது. என் யோசனை: பிளாஸ்டிக் கூரையும் நிழல்வலையும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும் என்பதால், விடியற்காலை மங்கலான வெளிச்சத்தில் மெல்லிய தூவலாகத் தெளித்து, ஒரு மணி நேரத்தில் விசிறியால் காயவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், அதிலுள்ள குளோரின் ஃபேஜைக் கொல்லும். மழைநீர் நல்லது. தாமிரம் அடித்த இலையில் உடனே தெளிப்பதும் வீண். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தெளிக்காமல், ஒரே மேசையில் ஐம்பது தொட்டிக்கு ஃபேஜ், ஐம்பது தொட்டிக்கு வெறும் மழைநீர் என்று ஆறு வாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் காய்ந்த காற்றால் நின்ற அழுகலை ஃபேஜ் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வீர்கள்.

அதற்கு முன் கிருமி எது என்று உறுதியாக வேண்டும். இவ்வளவு நேரம் மென்னழுகல் என்று பேசினேன். ஆனால் ஃபெலனோப்சிஸில் பழுப்புப்புள்ளி உண்டாக்கும் அசிடோவோராக்ஸ் என்ற வேறொரு பாக்டீரியாவும் உண்டு. பூஞ்சை போன்ற ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமியின் கருப்பு அழுகலும் உண்டு, அது பாக்டீரியாவே அல்ல. ஒன்றுக்கான ஃபேஜ் மற்றொன்றைத் தொடாது. கண்ணால் பார்த்தும் மூக்கால் முகர்ந்தும் ஓரளவுதான் சொல்ல முடியும்.

விவசாய இலாகாவிடமோ பல்கலைக்கழகத்திடமோ முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு மாதிரி அனுப்புங்கள். முழுதும் கூழானதை அனுப்பாதீர்கள், அதில் பின்னால் வந்து குடியேறிய கிருமிகள்தான் நிறைந்திருக்கும். புள்ளி விழ ஆரம்பித்த இலையாக மூன்று, நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி, உலர்ந்த நாளிதழில் சுற்றி, தாள் உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மருந்து தெளிக்காத ஒரு வார இடைவெளி இருக்கட்டும், அதற்காகத்தான் தொடக்கத்திலேயே நிதானிக்கச் சொன்னேன். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனி, ஞாயிறு முழுக்க உறைக்குள்ளேயே அழுகிவிடும்.